புரொப்பெல்லர் சுற்ற வேண்டும்

1

வழக்கமாக இந்தக் குறிப்புகளை இங்கிலாந்தின் கிழக்குப் பக்கத்து வயல்காட்டு ஊரில், என் சமையலறை மேஜையில் உட்கார்ந்துதான் எழுதுவேன். இந்தத் தடவை திருவனந்தபுரத்தில், ஸ்ரீவராகத்தில் இருக்கும் தம்பி மணியின் வீட்டு மாடி அறையிலிருந்து எழுதுகிறேன். சொந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு அயல்வாசக் கதை என்ன வேண்டிக்கிடக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நேற்று தம்பானூரில் ஓர் ஆட்டோக்காரரிடம் சுத்தமான மலையாளத்தில் போகவேண்டிய இடத்தைச் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு இந்தியில் கட்டணம் சொன்னார். எங்கே உட்கார்ந்து எழுதினாலும் நான் வெளியூர்க்காரிதான்.

விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு அறுபது நெருங்குகிறது. ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கோடைக்காலத்துச் சனி, ஞாயிறுகளில் பழைய போர் விமானங்கள் பறக்கும் கண்காட்சிகளுக்குப் போய்ப் படமெடுப்பது என் பித்து. அது என் கையைவிட்டுப் போய்விடும் போல் இருந்தது. கை என்று சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். லென்ஸைத் தாங்குகிற இடது கை.

2

போன கோடையில் ஒரு நாள், எங்கள் ஊருக்குப் பக்கத்திலுள்ள பழைய விமானத்தளத்துப் புல்வெளியில் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் டெரெக். ஓய்வுபெற்ற பள்ளி வாத்தியார், மனிதர் பேச்சில் மிகச் சிக்கனம். பல வருஷமாக வேலியோரத்தில் நாங்கள் அடுத்தடுத்து நிற்கிறோம். அவர் பிஸ்கட் கொடுப்பார், நான் முறுக்கு கொடுப்பேன். அன்றைக்கு நான் எடுத்த ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் படத்தை என் காமிராவின் திரையில் பார்த்துவிட்டு, ரொம்பத் துல்லியமாக இருக்கிறது என்றார். இன்னொரு பிஸ்கட்டை நீட்டினார்.

அந்தப் பிஸ்கட்டை நான் வாயில் போடவில்லை, பைக்குள் போட்டேன். ஏன் என்று தெரிய, புரொப்பெல்லர் சமாசாரம் கொஞ்சம் தெரிய வேண்டும்.

பறக்கிற விமானத்தில் புரொப்பெல்லர் நம் கண்ணுக்கு மங்கலான ஒரு வட்டமாகத்தான் தெரியும். காமிராவின் ஷட்டர் வேகத்தை ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிக்கு ஏற்றி வைத்தால் படம் கத்தி மாதிரி வரும். ஆனால் அந்த வட்டம் போய்விடும். ஒவ்வோர் அலகும் கரண்ட் போன மின்விசிறியைப் போல அப்படியே நிற்கும். இன்ஜின் செத்த விமானத்தை ஆகாயத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டது போல் இருக்கும். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் முதலில் செய்கிற தப்பு இது. வேகத்தை நூற்றைம்பதில் ஒரு பங்கு நொடிக்கு இறக்கினால் புரொப்பெல்லர் சுழலும், விமானத்துக்கு உயிர் வரும். ஆனால் அவ்வளவு மெதுவான ஷட்டரில் கை இம்மி ஆடினாலும் மொத்தமும் குழம்பிவிடும். விமானம் போகிற வேகத்திலேயே இடுப்பிலிருந்து திரும்பிக்கொண்டே, பூப்போல அமுக்க வேண்டும். இதைப் பழக எனக்கு இரண்டு கோடைகள் ஆயின. பழகிய பிறகு, வேலியோரத்து ஆண்கள் அத்தனை பேர் நடுவிலும் என் படத்துக்கு ஒரு மரியாதை இருந்தது.

அந்தக் கோடையில் மறுபடி புரொப்பெல்லர் நின்றுபோன படம் எடுத்துக்கொண்டிருந்தேன். வேண்டுமென்றேதான் ஷட்டரை ஏற்றி வைத்தேன். இறக்கினால் கை காட்டிக்கொடுத்துவிடும். டெரெக்குக்கு அது புரிந்துவிட்டது. வெள்ளைக்காரர்கள் வாயைத் திறக்காமலே ஒருவரை உட்காரவைத்துவிடுவார்கள்.

3

கை ஆடுகிறது என்று ஒப்புக்கொள்வதைவிட லென்ஸ் சரியில்லை என்று சொல்வது சுலபம். ஒரு வருஷம் முழுக்க நான் அதைத்தான் செய்தேன்.

முதலில் 150–600 மில்லிமீட்டர் லென்ஸ் கனம் அதிகம் என்று முடிவுகட்டி 100–400 வாங்கினேன். பிறகு காமிரா உடம்பு பழசு என்று, விமானத்தைத் தானே கண்டுபிடித்துப் பின்தொடரும் புது ரகம் ஒன்று. அதில் உள்ள ஆட்டம் தாங்கும் வசதியைப் பற்றி இணையத்தில் ஆயிரம் பேர் ஆயிரம் சொல்கிறார்கள். சின்ன ஆட்டத்தை அது வாங்கிக்கொள்ளும் என்பது உண்மைதான். என்னுடையது அதற்கு அடங்குகிற ஆட்டம் இல்லை. அப்புறம் காமிராவைத் தாங்க ஒற்றைக்கால் கம்பு ஒன்று. விமானம் உயரே ஏறினால் கம்போடு சேர்ந்து நானும் பின்னால் சாய்ந்து, ஒரு தடவை பின்வரிசைக் கிழவரின் மடியிலேயே உட்காரப் பார்த்தேன்.

இவ்வளவு வாங்கித் தேறியதில் உங்களுக்கு உபயோகமானதை மட்டும் சொல்கிறேன். ஆரம்பத்திலேயே பெரிய லென்ஸ் வேண்டாம், 400 வரை போனால் தாராளம். கடையிலேயே அதைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு கடைக்காரரோடு பேச்சுக்கொடுங்கள். பேச்சு முடியுமுன் தோள் கெஞ்சினால் அந்த லென்ஸ் உங்களுடையது அல்ல. ஜெட்டுக்கு ஷட்டர் எவ்வளவு வேகமாகவும் இருக்கலாம். புரொப்பெல்லருக்கு மெதுவாக, ஹெலிகாப்டருக்கு இன்னும் மெதுவாக. மேகம் மூடிய வானத்தில் ஒரு படி வெளிச்சத்தைக் கூட்டி எடுக்காவிட்டால் விமானம் காக்கை நிறத்தில் வரும்.

எல்லாம் வாங்கியும் படம் ஆடியது. கடைசியில் டாக்டரிடம் போனேன். சோதனைகள், காத்திருப்பு, மறுபடி ஒரு படிவம், மறுபடி காத்திருப்பு. முடிவில், பயப்படுகிற பெரிய வியாதி இல்லை என்றார்கள். எதையாவது ஏந்திப் பிடித்தால் மட்டும் வருகிற நடுக்கமாம், சில குடும்பங்களில் தானாக வருவதாம். வழக்கமாகக் கொடுக்கும் மாத்திரை எனக்கு மூச்சிழுப்பு உண்டென்பதால் ஆகாது. காப்பி குடித்தால் நடுக்கம் கூடும். ஒரு கோப்பை ஒயின் குடித்தால் சற்று அடங்கும் என்று அந்த இளம் டாக்டர் ரொம்பக் கூச்சத்தோடு சொன்னார். காப்பியை விட்டு ஒயினைப் பிடி என்று ஸ்ரீவராகத்து அக்ரஹாரப் பெண்ணுக்கு யோசனை சொன்ன முதல் ஆள் அவராகத்தான் இருக்கும்.

என் வீட்டுக்காரர் சுந்தரத்திடம் நான் சொல்லவில்லை. அவர் நல்லவர், அதுதான் எனக்குப் பயம். சொன்ன மறுநாளே பையை அவர் தூக்குவார், காரை அவர் ஓட்டுவார், பிறகு பதமாக, எதுக்கு இனிமே இந்த அலைச்சல் என்பார். கண்காட்சிக்கு என்னோடு வருவார். ஆனால் இரைச்சல் ஆகாதென்று காதில் பஞ்சை வைத்துக்கொண்டு காருக்குள்ளேயே குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருப்பார். அந்தப் புல்வெளி எனக்கு மட்டுமே ஆன இடமாக இருந்தது. அங்கே நான் யாருடைய மனைவியும் அல்ல, யாருக்கும் அம்மாவும் அல்ல. அதை விட்டுவிட எனக்கு மனசில்லை.

4

மகன் அரவிந்த் வடக்கே வேறு ஊரில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவான். தமிழில் ஆரம்பித்து, மூச்சுவாங்கி, ஆங்கிலத்தில் போய் உட்கார்ந்துகொள்வான். படம் சரியாக வரவில்லை என்று மட்டும் அவனிடம் சொல்லியிருந்தேன். ஷட்டரை ஏற்றி எடுத்துவிடு அம்மா, பிறகு கம்ப்யூட்டரில் புரொப்பெல்லரைச் சுற்ற வைத்துவிடலாம் என்றான். அவனே ஒன்றைச் செய்தும் அனுப்பினான். அச்சாக இருந்தது. நான் எடுத்ததைவிட நன்றாகவே இருந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அந்தப் புரொப்பெல்லர் சுற்றும்போது நான் அங்கே நின்றேன் என்பதுதானே படம் என்று கேட்டேன். யாருக்கும் தெரியாதே அம்மா என்றான்.

குண்டு போட்ட விமானத்தை அழகு என்று சொல்லக் கஷ்டமாக இல்லையா என்றும் ஒரு முறை கேட்டிருக்கிறான். நியாயமான கேள்வி. கல்யாணமாகி வந்த முதல் கோடையில், கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது நாலு இன்ஜின் வைத்த லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானம் ஒன்று தலைக்கு மேலே தாழப் போனது. அந்தச் சத்தம் நெஞ்செலும்புக்குள் போய் உட்கார்ந்தது. அந்த ஊருக்கு வந்து நான் முதல் முதலாகத் தெருவுக்கு ஓடியது அன்றைக்குத்தான். பக்கத்து வீட்டுப் பெண்மணியும் ஓடிவந்தாள். இரண்டு பேரும் சேர்ந்து அண்ணாந்து பார்த்தோம். அதுவரை எங்களுக்குள் பேச்சே கிடையாது.

விமானம் எனக்குப் புதிதல்ல. ஸ்ரீவராகத்துக்காரர்களுக்கு விமான நிலையம் கூப்பிடு தூரம். வருஷத்தில் இரண்டு தடவை பத்மநாபசுவாமி ஆறாட்டு என்னும் நீராட்டுக்குச் சங்குமுகம் கடலுக்கு எழுந்தருளும்போது ஊர்வலம் ரன்வேயைத்தான் கடந்து போகும். அன்று விமானங்கள் காத்திருக்கும். அப்பா ஊர்வலத்தோடு நடந்து போய்விட்டு வருவார். வாழ்நாளில் ஒரு முறைகூட விமானம் ஏறாத மனிதர், ரன்வேயில் மட்டும் வருஷா வருஷம் செருப்பில்லாமல் நடந்திருக்கிறார். இதை டெரெக்கிடம் சொன்னேன். பிஸ்கட்டை மென்று முடித்துவிட்டு, ரன்வேயைப் பிறகு கூட்டுவார்களா என்று கேட்டார்.

5

சங்குமுகத்தில் விமானப்படைக்காரர்கள் காலை நேரத்தில் சாகசம் காட்டப்போகிறார்கள், கூடவே பழைய டகோட்டா ஒன்றும் பறக்குமாம் என்று மணி போனில் சொன்னபோது நான் தீர்மானம் பண்ணிவிட்டேன். இரண்டு புரொப்பெல்லர் வைத்த கிழட்டு விமானம், அதுவும் எங்கள் கடற்கரையில். அதை ஒரே ஒரு தடவை சரியாக எடுத்துவிட வேண்டும். வந்தால் சரி. வராவிட்டால் இதோடு விட்டுவிடுவது, காமிராவைக் கொடுத்துவிடுவது, சுந்தரத்தோடு காருக்குள் உட்கார்ந்து குறுக்கெழுத்துப் போடுவது.

திருவனந்தபுரம் விமான நிலையத்துச் சுங்கத்தில் பெரிய லென்ஸைப் பார்த்ததும் ஓர் அதிகாரி, இது டெலஸ்கோப்பா என்றார். காமிரா லென்ஸ் என்றேன். கல்யாணப் படம் எடுக்க இவ்வளவு பெரிது எதற்கு என்று சந்தேகப்பட்டு இன்னொருவரைக் கூப்பிட்டார். அவர் வேறொருவரைக் கூப்பிட்டார். விமானத்தைப் படமெடுக்க என்று விமான நிலையத்திலேயே நின்று சொல்கிற அசட்டுத்தனம் எனக்கு வரவில்லை, பட்சிகளைப் படமெடுக்க என்று சொல்லிவைத்தேன். கடைசியில் ஒரு கேள்விதான் கேட்டார்கள். திரும்பக் கொண்டுபோவீர்களா? போவேன் என்றேன். அது மட்டும் எனக்கே நிச்சயமில்லை.

6

டகோட்டா வருவதற்கு முந்தின நாள் காலை மணி காப்பி கொண்டுவந்து வைத்தான். அவன் சாலைக் கடைத்தெருவில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்குப் பார்க்கிறவன். சந்தியாவந்தனம், காப்பி, அப்புறம் ஸ்கூட்டர் என்று ஒரு நாள் போல வாழ்கிறவன். வேண்டாம் என்றேன். டம்ளரை வைத்தவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். எங்கள் வீட்டில் காப்பி வேண்டாம் என்றால் வீட்டில் துக்கம் என்று அர்த்தம்.

"ஒடம்புக்கு என்னவாக்கும்? உள்ளதச் சொல்லு அக்கா."

"கை நடுங்கறதுடா. எதையாவது தூக்கிப் பிடிச்சா."

"அத்திம்பேர்ட்ட சொல்லியாச்சா?"

"இல்ல."

"பின்னே ஆருட்டத்தான் சொன்னே?"

"டாக்டர்ட்ட. இப்ப ஒன்கிட்ட."

சொல்லி முடித்ததும் அழுகை வந்துவிட்டது. புரொப்பெல்லர், ஷட்டர், டெரெக்கின் பிஸ்கட் எல்லாவற்றையும் அவனிடம் கொட்டினேன். அவன் நான் குடிக்காத காப்பியை எடுத்துத் தானே குடித்தான். குடித்துவிட்டு, கனத்தைத் தாங்கத்தானே கை, அந்தக் கனத்தை வேறெங்கேயாவது வைத்தால் என்ன என்றான். எங்கே வைப்பது? மணலில் கம்பு புதையும். அவன் மேல்துண்டை நாலாக மடித்துத் தன் வலது தோளில் போட்டுக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டி நின்றான்.

லென்ஸை அவன் தோளில் வைத்துப் பார்த்தேன். உயரம் சரியாகக் கண்ணுக்கு வந்தது. ஆனால் அவன் மூச்சுவிடும்போதெல்லாம் லென்ஸ் ஏறி ஏறி இறங்கியது. மூச்சை அடக்க முடியுமா என்றேன். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"பூணூல் போட்ட நாள்லேர்ந்து மூக்கப் பிடிச்சுண்டு வேற என்ன பண்ணிண்டிருக்கேன்?"

அன்று சாயங்காலம் வாசலில் நின்று, தெருவில் போகிற ஆட்டோக்களை வைத்துப் பழகினோம். ஓடுகிற வண்டியைத் தொடர்ந்து மெதுவான ஷட்டரில் எடுத்துப் பழகுவதுதான் இதற்கு எல்லா ஊரிலும் உள்ள பாடம். சக்கரம் சுற்ற வேண்டும், வண்டியின் நம்பர் படிக்கிற மாதிரி வர வேண்டும். நான் "ம்" என்றால் மணி முட்டியை மடக்கித் தோளை வண்டி மட்டத்துக்கு இறக்கி மூச்சைப் பிடிப்பான். தோளில் பீரங்கியை வைத்துக்கொண்டு அசையாமல் நிற்கிறவனைப் பார்த்து எதிர்வீட்டு மாமி, ஆரைச் சுடப்போறேள் மணி என்று கேட்டுவிட்டுப் போனாள். முதலில் எல்லாம் குழம்பியது. இருட்டுகிற நேரத்தில் ஓர் ஆட்டோவின் சக்கரம் மட்டும் சுற்றி, நம்பர் பளிச்சென்று வந்தது. மணி அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கம்பு வாங்கினியே, அது இப்படி முட்டியை மடக்குமா என்று கேட்டான்.

7

ஒரு விஷயம், நம் ஊரில் படமெடுக்கிறவர்களுக்கு. ஏசி அறையில் காமிராவை வைத்துவிட்டுக் கடற்கரைக்கு எடுத்துப்போகாதீர்கள். வெளிக்காற்று பட்டதும் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டில் போலக் கண்ணாடி வேர்த்துவிடும். நான் விசிறி மட்டும் உள்ள அறையில் வைத்திருந்தேன்.

சங்குமுகத்தில் ஊரே கூடியிருந்தது. கடல் மேற்கே, காலை வெயில் நம் முதுகுப் பக்கம், படத்துக்கு அதைவிடத் தோதான வெளிச்சம் கிடையாது. இடித்தவர்களிடமெல்லாம் நான் ஸாரி சொல்லிக்கொண்டே போனேன். ஒருத்தர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. தண்ணீர் ஓரமாக ஓர் இடம் பிடித்து மணியை நிறுத்தினேன். ஜெட்டுகள் வந்து ஆகாயத்தைக் கிழித்துவிட்டுப் போயின. அவற்றுக்கு நான் காமிராவையே தூக்கவில்லை. கூட்டத்தில் ஒரு பையன், சேச்சி, எடுக்கலயா என்று கேட்டான்.

டகோட்டா தெற்கிலிருந்து வந்தது. முதலில் ஒரு புள்ளி, பிறகு அந்த நிதானமான இரைச்சல். கடலுக்கு மேலே தாழ வந்துகொண்டிருந்தது. லென்ஸைத் துண்டின்மேல் வைத்தேன். ஷட்டர் நூற்றிருபத்தைந்தில் ஒரு பங்கு நொடி. கண்ணை வைத்ததும் கையின் நடுக்கம் மணியின் தோளில் போய்த் தட்டுவது எனக்கே தெரிந்தது. அவனுக்கும் தெரிந்திருக்கும். தோள் அசையவில்லை. "ம்" என்றேன். அவன் முதுகு விறைத்தது. விமானம் படச்சட்டத்துக்குள் வந்தது, நான் அதோடு திரும்பினேன். ஷட்டர் பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது. எதிரே வந்து, நேரே கடந்து, வடக்கே வேளி பக்கம் போய்ச் சின்னதாகிற வரை விரலை எடுக்கவில்லை. போன பிறகும் அது வளைந்து திரும்புமோ என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

பல்லைக் கடித்துக்கொண்டு பேசுகிற மாதிரி ஒரு குரல் கேட்டது.

"அக்கா, மூச்சு விட்டுக்கலாமா?"

நான் மறந்தேபோய்விட்டேன். "விடுடா, விடு" என்றேன். அவன் குனிந்து முட்டியைப் பிடித்துக்கொண்டு கடல்காற்றை இரண்டு பிடி வாங்கினான். முகம் செம்பருத்தியாகச் சிவந்திருந்தது. நான் அவன் முதுகைத் தடவிக்கொடுத்தேன். எடுத்ததில் முக்கால்வாசி பாழ். நாலைந்து தேறின. அதில் ஒன்றில் விமானிக்கு எதிரே உள்ள கண்ணாடிச் சட்டம்வரை தெளிவாக இருந்தது, இரண்டு புரொப்பெல்லரும் இரண்டு வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. மணி வெயிலுக்குக் கையை அணைகட்டிக்கொண்டு திரையைப் பார்த்தான். சுத்தறது என்றான். எனக்கு அது போதுமாக இருந்தது.

8

மத்தியானம் மாடிக்கு வந்து சுந்தரத்தைக் கூப்பிட்டேன். அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது. பின்னால் அடுப்பில் தண்ணீர் கொதிக்கிற சத்தம் கேட்டது. படத்தை அனுப்பியிருந்தேன். நன்றாக இருக்கிறது என்றார், வழக்கம்போல. பிறகு நான் சொன்னேன். ஆரம்பித்தால் நடுவில் நிறுத்திவிடுவேன் என்று பயந்து ஒரே மூச்சில் சொன்னேன். நடுக்கம், டாக்டர், மாத்திரை, மணியின் தோள்.

"இனிமே அங்கேயும் எனக்கு ஒரு தோள் வேணும். எப்பவும் இல்ல. புரொப்பெல்லர் விமானம் ஏறறப்பவும் எறங்கறப்பவும் மட்டும், அப்பத்தான் அது தாழ வரும். காருக்குள்ள உக்காந்திருக்க முடியாது. சத்தம் ரொம்பக் கிட்டக்கக் கேக்கும்."

அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது. விட்டுடேன், எதுக்கு இந்த அலைச்சல் என்று சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். அந்தச் சில நொடிகள் டகோட்டா கடந்துபோன நேரத்தைவிட நீளமாக இருந்தன.

"மணி என்ன ஒயரம்?" என்று கேட்டார்.

"உங்கள விடக் கொஞ்சம் கூட."

"அப்ப ஒரு பலகை வேணும் எனக்கு, ஏறி நிக்க" என்றார். "கேரேஜ்ல ஒண்ணு கெடக்கு. இப்பவே எடுத்து வண்டில போட்டு வெச்சுடறேன்."